ஒன்பதாவது வெற்றுத் தாள்

தில்லையடி
14.09.2014

அன்பு மகன் ஸப்ராஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் இங்கு சுகம், வாப்பாவின் சீனி வருத்தமும் கட்டுக்குள் இருக்கிறது, தோஹாவின் வெக்கையில் நீயும் சுகமாக இருக்க அல்லாஹ் துணை செய்வானாக. போன திங்கட்கிழமை கொழும்புக் கருவாட்டு வியாபாரி ஒருவர் நம் உப்புக் கம்பனியோடு ஒரு வருட உப்பு ஒப்பந்தம் எழுத வந்தார், கம்பனிக்காகக் கையொப்பமிடும் உன்னுடைய கையொப்பம் அன்றே வேண்டுமாம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்பாராம். முத்தலிபு சாச்சா உடனே உன் அலுமாரியைத் திறந்து, பயணம் போகும்போது எங்கள் வசதிக்கென்று நீ அடியில் கையொப்பம் வைத்துவிட்டுப் போன ஒன்பது வெற்றுத் தாள்களை எடுத்து வந்தார், ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை இதில் அச்சடித்தால் போதும் என்றார். அப்படியொன்று வீட்டில் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். "அவன்ட கைதானே மதினி, பிறகென்ன?" என்றார். "கை அவன்ட தம்பி, மேல வாற கதை ஆர்ட?" என்று கேட்டேன்.

ஒப்பந்தத்தை வாசித்தால், மழையில் உப்புக் கரைந்தாலும் நட்டம் நம்முடையது என்று ஒரு வரி இருந்தது. உன் தாளிலோ கம்பனியின் பெயரும் இல்லை, உன் பதவியும் இல்லை, வெறும் ஸப்ராஸ். நட்டம் வந்தால் கம்பனியை விட்டுவிட்டு உன்னைத்தான் தேடுவார்கள். வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். நல்ல வியாபாரத்தை என் படிப்பு கெடுத்துவிட்டதென்று சாச்சா வாப்பாவிடம் சொல்லி, இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. புதன்கிழமை தொலைபேசியில் விளக்கம் கேட்காமலே ஓம் சொன்னாயே, அது சாச்சா கம்பனிக்காகக் கையொப்பமிடலாம் என்று நீ, வாப்பா, சாச்சா என்று பணிப்பாளர்கள் மூவரும் எடுத்த தீர்மானத்துக்குத்தான். வியாழக்கிழமை அந்த வியாபாரி திரும்பி வந்தார், நம் உப்பின் வெள்ளை வேறெங்கும் கிடைக்கவில்லை போலும். மழை வரியை வெட்டி, வெட்டிய இடத்தில் இருவரும் சிறு கையொப்பம் வைத்தார்கள். பிறகு மேலே கம்பனியின் பெயர், அதன் சார்பில் என்ற சொல், கீழே சாச்சாவின் கையொப்பம், பெயர், பதவி, முத்திரை. நிக்காஹ் பதிவில்கூட இவ்வளவு எழுதவில்லை என்று சாச்சா முணுமுணுத்தார்.

உன் தாள்களில் எட்டை அடுப்பில் போட்டு எரித்தேன். எங்களை நம்பி வைத்தாய் என்பதால் கை கொஞ்சம் தயங்கியது. ஒன்பதாவதில்தான் இதை எழுதுகிறேன், அடியில் பார். ஆகவே நேரத்துக்குச் சாப்பிடுவதாகவும், வெள்ளிதோறும் வாப்பாவோடு கதைப்பதாகவும், வரும் நோன்புக்கு வீட்டில் இருப்பதாகவும் நீ ஒப்புக்கொண்டுவிட்டாய். இனி வாசிக்காமல் எதிலும் கை வைக்காதே. அல்லாஹ் உன்னைக் காப்பானாக.

யார் சார்பிலும் அல்லாமல்,
உன் உம்மா
ரம்ஸியா

ஸப்ராஸ்