இடுப்பில் துடைக்கும் கை

மார்ச் 4

இன்றைக்கும் கம்பெனி கொடுத்த அந்தக் கையுறையை மாட்டிக்கொண்டுதான் காலர் தைத்தேன். விரலுக்கு விரல் ஒயர். நான் மடிப்பதையும் திருப்புவதையும் புது மெஷின் கற்றுக்கொள்கிறதாம். "நல்லா சொல்லிக்குடுக்கறவங்கள அனுப்ப மாட்டோம்மா" என்றார் சூப்பர்வைசர். அவர் வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும். வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

மார்ச் 19

மெஷின் வந்துவிட்டது. தோள் இல்லாத ஒரு கை, அவ்வளவுதான். அச்சு அசல் என் தையல். ஆனால் ஒவ்வொரு காலர் முடிந்ததும் பெருவிரலைக் கீழே கொண்டுபோய் வெறும் காற்றில் தேய்க்கிறது. எல்லோரும் சிரித்தார்கள். அது என் பழக்கம். கை வேர்க்கும் என்று நான் இடுப்பில் துடைத்துக்கொள்வேன். அது வேர்க்காதே. அதற்கு இடுப்பும் இல்லையே!

மார்ச் 20

அந்தத் துடைப்பை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"எடுத்துப் பாத்தாச்சும்மா. எடுத்தா தையல் கோணுது."

ஏப்ரல் 2

என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பாவிங்க.

ஏப்ரல் 15

வேறு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனேன். வாசலிலிருந்தே தெரிந்தது — வரிசையாக மெஷின் கைகள், ஒரே நேரத்தில் காற்றில் துடைக்கின்றன. தைத்துக் காட்டினேன். பழக்கத்தில் இடுப்பில் துடைத்தேன், துடைக்க வேர்வை ஒன்றும் இல்லை. மேனேஜர் அம்மா என் விரலையே பார்த்தார். "குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா இந்தக் கை எங்ககிட்ட ஏற்கெனவே இருக்கேம்மா."

வழியெல்லாம் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டே வந்தேன். "கை வலிக்குதா?" என்றார் வீட்டுக்காரர். வலிச்சாத் தேவலையே.

மே 6

பழைய கம்பெனியிலேயே கூப்பிட்டார்கள். மெஷின்களைத் துடைக்கிற வேலை, பாதிச் சம்பளம். "போகாத, உனக்கு மனசு தாங்காது" என்கிறார் இவர். மனசப் பாத்தா யாரு சோறு போடுறது?

மே 7

எண்ணெய்த் துணியோடு அந்த மெஷின் கையின் பக்கத்தில் போய் நின்றேன். காலர் முடிந்தது. கை கீழே இறங்கியது. காற்றில் தேய்க்கவில்லை. என் இடுப்பில் துடைத்தது.

விலகியிருக்கலாம். கால் நகரவில்லை. அடுத்த காலருக்கும் அங்கேயே நின்றேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் பார்த்தால், இடுப்புப் பக்கம் ஈரம். எண்ணெய் இல்லை. மோந்து பார்த்தேன் — வேர்வை. ஐயோ, என்னுடையதா?

எனக்குக் கை வேர்ப்பது எப்போது நின்றது? அந்தக் கையுறையைப் போட்டதிலிருந்தா?