யாரோ ஒருவர் வீடு

ஜூலை 3, திங்கள்
காது கேளாத பிள்ளைகளின் வகுப்பில் இன்றும் அதே கூத்து. பட்டாணிக்குச் சைகை மொழி இன்னும் பிடிபடவில்லை. (ஆறு வயது, உருண்டை முகம், பெயர் நான் வைத்தது.) அவளுக்காகவே அன்றைய வேலைகளைப் படமாக வரைந்து சுவரில் வரிசையாக ஒட்டுகிறேன். பள்ளிக்கூடம், புத்தகம், தட்டு, பந்து, கடைசியில் வீடு. ஒவ்வொன்றும் முடிந்ததும் படத்தை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். வீடு மட்டும் மிஞ்சியதும் பட்டாணி கத்தி ஊரைக் கூட்டுகிறாள். என் கையில் அவள் பல் பதிந்திருக்கிறது.

ஜூலை 4
வீட்டுக்குப் போகலாம் என்றால் எந்தப் பிள்ளையாவது அழுமா? அங்கே அடிக்கிறார்களோ?

ஜூலை 5
அடிக்கவெல்லாம் இல்லை. அம்மா வந்ததும் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறாள். அம்மாவும் அழுகிறாள். "தினம் இப்படிக் கத்தினா எப்படி மிஸ்? இந்த வாரம் பாக்குறேன். இல்லேன்னா வீட்லயே வெச்சுக்கறேன்."
வீட்டில் வைத்து? ஒரு சொல்கூட இல்லாமல் வளரவா? கோபம் கோபமாக வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஜூலை 6
வீட்டுப் படத்துக்குப் புது வர்ணம் அடித்தேன். சிவப்பு ஓடு, வேலி, மரம். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. யாரு வீடு?"
"வீடுன்னா வீடு. சும்மா இருங்க."

ஜூலை 7, வெள்ளி
பட்டாணியின் அம்மாவுக்குக் கால் சுளுக்கு. நானே பஸ்ஸில் கூட்டிப்போனேன். ஒரு டயர் கடை, பக்கத்தில் இரும்புப் படி, மேலே பச்சைக் கதவு. பட்டாணி என் கையை உதறிவிட்டுத் தடதடவென்று ஏறினாள்.
நான் கீழேயே நின்றுவிட்டேன். ஓடு எங்கே? வேலி எங்கே? மரம்?
ஐயோ! தினமும் சாயங்காலம் யாரோ ஒருவர் வீட்டைக் காட்டி, 'இனி நீ இங்கே போ' என்றல்லவா அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன்! இதில் புது வர்ணம் வேறு! தலையில் அடித்துக்கொண்டேன், சிரித்தேன், அழுகையும் வந்தது. டயர் கடைக்காரர் பயந்துபோய் நாற்காலி எடுத்துப் போட்டார்.
மேலே போய் அம்மாவிடம், "தப்பு என்மேலதான். இன்னும் ஒரே ஒரு வாரம் குடும்மா" என்று கெஞ்சினேன்.

ஜூலை 9
நாள் முழுக்க இரும்புப் படி வரைந்தேன். பச்சைக் கதவில் அம்மாவை நிறுத்தினேன். மற்ற பிள்ளைகளின் வீடுகளையும் போய்ப் பார்க்க வேண்டும்.

ஜூலை 10, திங்கள்
கடைசிப் படம். பட்டாணி கிட்டே போனாள். படிகளில் விரலால் ஏறினாள். கதவு. அம்மாவின் மூக்கைத் தொட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்துத் தன் நெஞ்சைத் தட்டிக்காட்டினாள்.
அழவில்லை. அப்பாடா!

ஜூலை 14, வெள்ளி
கெடு முடிந்தது. வாரம் முழுக்க அழுகை இல்லை. சாயங்காலம் அம்மா முடிவு சொல்ல வாசலில் வந்து நின்றாள். பட்டாணி கிளம்பியவள் திரும்பி ஓடிவந்து பெட்டியைத் துழாவினாள். காலையில் போட்ட பள்ளிக்கூடப் படத்தை எடுத்து, வீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.
வீடு. அப்புறம் பள்ளிக்கூடம்.
அம்மா அதைப் பார்த்தாள். "சரி மிஸ். திங்கக்கிழமை கூட்டிட்டு வரேன்."