நான் நிற்காத வரிசை

கெல்சென்கிர்ச்சன்
மார்கழி 2009

அன்பு மகள் பேர்பெச்சுவாவுக்கு,

அம்மாவின் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சுகம். பேர்த் வெயிலில் நீயும் சஞ்சயனும் பேரப்பிள்ளைகளும் வாடாமல் இருக்க மடு மாதாவை மன்றாடுகிறோம். இந்த எழுத்தைப் பார்த்து அப்பா யாரைக் கொண்டு எழுதுவித்தார் என்று யோசிக்காதே, இது என் கை. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளின் வாங்கில் கால் மடங்காமல் இருந்து படித்தேன், உனக்கு ஒளித்துத்தான் படித்தேன், ஒரு நாள் நானே கடிதம் போட்டு உன்னைத் திகைக்க வைக்க வேண்டும் என்று ஆசை. குமுதினி ரீச்சர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, பக்கத்தில் இருக்கிற வாண்டுகள்தான் "தாத்தா, கொம்பை மற்றப் பக்கம் போட்டிட்டியள்" என்று சிரிக்கும். இப்போது மரண அறிவித்தலும் வாசிக்கிறேன், அரிசிப் பையும் வாசிக்கிறேன், அம்மா "போதுமப்பா, மிளகாய்த்தூள் பக்கற்றையாவது விட்டு வையுங்கோ" என்று சத்தம் போடுகிறாள். மெல்லத்தான் எழுதுகிறேன், ஆனால் எழுத எழுத வாய்க்குள் இனிக்கிறது. முதல் கடிதம் முழுக்கச் சந்தோசமாக இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன், அதற்குள் நீ அனுப்பிய உறை வந்து சேர்ந்தது.

தொலைபேசியில் நீ சொன்னது நினைவிருக்கிறதா? "அப்பா, நான் வேலை செய்யிற செனற்றரின்ர தேர்தல் நோட்டீஸ், தமிழ்ச் சனத்துக்காக நான்தான் எழுதினனான். உங்கட படமும் போட்டிருக்கு, நல்லதாத்தான் போட்டிருக்கு. சம்மதப் பத்திரத்தில வழக்கமாப் போடுற சிலுவையைப் போட்டு அனுப்பி விடுங்கோ." நீ சின்னப் பிள்ளையாக இருந்த காலம் தொட்டு வீட்டுக்கு வந்த ஒவ்வொரு காகிதத்தையும் நீதான் வாசித்துச் சொன்னாய், நீ காட்டின இடத்தில் நான் சிலுவை போட்டேன், அந்தப் பழக்கத்தில் கேட்டிருப்பாய். ஆனால் நான் தொடக்கம் முதல் முடிவு வரை வாசித்த முதலாவது அச்சுக் காகிதம் உன்னுடைய இந்த நோட்டீஸ்தான் பிள்ளை. மேசையில் விரித்து, கண்ணாடியைத் துடைத்து, அம்மாவைப் பக்கத்தில் இருத்தி வாசித்தேன். என் படத்தைக் கண்டதும் கெவிலார் மாதா கோவிலில் எடுத்தது என்று தெரிந்துவிட்டது, பக்கத்தில் நின்ற அம்மாவை வெட்டிப் போட்டிருக்கிறீர்கள், சேலைக் கரை மட்டும் என் தோளோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்குக் கீழே எழுதியிருப்பதை இங்கே பார்த்து எழுதுகிறேன்: "மரியரட்ணம், குறுக்கு வழியில் போகாமல் வரிசையில் காத்திருந்து முறைப்படி வந்து உழைத்து முன்னேறிய ஒரு தமிழ்த் தந்தை." ஒருமுறை வாசித்து விளங்காமல் திரும்ப வாசித்தேன், எழுத்துக் கூட்டுவதில் பிழை விட்டேனோ என்று என்னையே சந்தேகப்பட்டேன். பிழை என்னிடம் இல்லை.

எந்த வரிசை மகள்? மொஸ்கோவில் விமானம் மாறி கிழக்கு பேர்லினில் இறங்கி, அங்கிருந்து ரயில் ஏறி மேற்குப் பக்கம் போய் அகதி என்று சொல்லித் தஞ்சம் கேட்டு அசூல் அடித்தோம். கையில் விசா இல்லை, கேட்க ஆளும் இல்லை. அந்த ரயிலில் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று என் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு நின்றது, இறங்கும் வரைக்கும் கதைக்கக் கூடாது என்று சொன்னதைக் கேட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது. அந்தப் பிள்ளை இன்று எனக்கு வரிசை எழுதுகிறது. வரிசை இருந்திருந்தால் நின்றிருப்பேன், மன்னாரில் குண்டு விழுந்த நாளில் அப்படி ஒரு வரிசையை எனக்கு ஒருவரும் காட்டவில்லை.

உன் செனற்றரின் பெயரில் எனக்குப் பிடிபடாத எழுத்துகள் நிறைய, பழக விருப்பமும் இல்லை, ஆகவே செனற்றர் என்றே எழுதுகிறேன். அவர் தன்னுடைய முக்கிய நோக்கங்கள் என்று போட்டிருப்பதில் சிறு கடைக்காரருக்கு வரி குறைப்பது முதலாவது, அது நல்லது, கடை வைத்திருக்கிற சஞ்சயன் சந்தோசப்படுவார். அடுத்தது குடும்பங்கள் பிரியாமல் வாழ வேண்டுமாம், அதற்குப் பிறகு எல்லையில் ஒழுங்கு வேண்டுமாம், தமிழரின் துயரம் தன் நெஞ்சில் இருக்கிறதாம். மேல்மாடிப் புவனேந்திரனுக்கு இதை வாசித்துக் காட்டினேன், ஓம், நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "மரியரட்ணம் அண்ணை, நெஞ்சில என்ன இருக்கெண்டு ஆருக்குத் தெரியும், வாக்கெடுப்பில எந்தப் பக்கம் போய் இருந்தவர் எண்டு பாப்பம்" என்று கொம்பியூட்டரைத் திறந்தார். உங்கள் செனற் சபையில் வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கமும் வேண்டாம் என்பவர்கள் மறு பக்கமும் போய் இருப்பார்களாம், எல்லோருடைய பெயரும் பதிவாகுமாம், உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. படகில் வந்தவனை முகாமில் அடைத்து வைத்த நாட்களுக்கு அடைபட்டவனிடமே செலவைக் கேட்கிற சட்டத்தை நிறுத்த வேண்டும் என்று வாக்கெடுப்பு வந்தபோது, உன் செனற்றர் போய் இருந்தது வேண்டாம் என்கிற பக்கம். அகதி என்று ஏற்றும் தற்காலிக விசா மட்டும் கொடுக்கப்பட்டவர்கள் பெண்சாதி பிள்ளையைக் கூப்பிட முடியாமல் தவித்த காலத்திலும் அவர் அந்த விசாவின் பக்கம்தான். இதுதானா பிரியாத குடும்பம்? அடைத்து வைத்துவிட்டு வாடகை கேட்கிறவனை மன்னாரில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவோம் என்று உனக்குத் தெரியும், அம்மா பார்த்துக்கொண்டிருப்பதால் எழுதவில்லை.

நோட்டீஸின் அடியில் எறும்பு போல ஒரு வரி இருக்கிறது, புதிதாக வாசிக்கிறவன் எதையும் விட மாட்டான், அதையும் வாசித்தேன். வருகிற தை மாதம் தமிழ் வியாபாரிகளைக் கூப்பிட்டுத் தேர்தலுக்குக் காசு சேர்க்கிற விருந்துக்கும் அச்சுச் செலவுக்கும் உதவியவர்களுக்கு நன்றி என்று நாலைந்து கம்பனிப் பெயர்கள். முதலாவது பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு புவனேந்திரன் கதிரையை விட்டு எழும்பி நின்றார். "அண்ணை, இவங்கள் முகாமுக்குக் கட்டிலும் கூடாரமும் விக்கிற ஆக்களல்லோ!" படகு வரக் கூடாது என்று மேடையில் முழங்குகிறவருக்கு, படகு வந்தால் கட்டில் விற்கிறவன் காசு கொடுக்கிறான். மிச்சக் காசை எங்கள் வியாபாரிகளிடம் கொத்துரொட்டி போட்டு வாங்க உன்னை வைத்திருக்கிறார். உனக்கு இது தெரியாது என்று அம்மா சொல்கிறாள். தெரியாவிட்டால் வெட்கம், தெரிந்தால் அதைவிட வெட்கம்.

அந்தக் கட்டில்களில் ஒன்றில் உன் தாய்மாமனின் மகன் நிலக்ஷன் படுத்திருக்கிறான். கப்பலில் வந்து, உங்கள் நாட்டு அரசாங்கம் கிறிஸ்மஸ் தீவில் வைத்திருக்கிற முகாமில் அடைபட்டு ஆவணியிலிருந்து கிடக்கிறான். தொலைபேசி எடுத்தால் எங்களுக்குத்தான் எடுக்கிறான். போன கிழமை "மாமா, மச்சாள் பேர்த்திலதானே இருக்கிறா, ஒருக்கா ஒரு வக்கீலோட கதைச்சுப் பாக்க ஏலாதோ?" என்று கேட்டான். மச்சாளுக்கு அலுவல் கூட என்று உனக்காகப் பொய் சொன்னேன். என் படத்தை வைத்து நீங்கள் சனத்துக்குச் சொல்லப் போவது என்ன? இந்தக் கிழவன் நல்ல அகதி, அந்தத் தீவில் இருக்கிறவன் கூடாத அகதி என்பதுதானே? நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரித்தான் வந்தோம், எனக்குக் கிடைத்தது ரயில், அவனுக்குக் கிடைத்தது ஓட்டைக் கப்பல்.

"விடுங்கோப்பா, பிள்ளையின்ர வேலை போயிடும்" என்று அம்மா அழுகிறாள். போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு மனமில்லை, வீட்டுக்கடன் இருக்கிறது என்றும் தெரியும், நீ கெட்டிக்காரி, வேறு வேலை தேடுவாய் என்றும் தெரியும். முடிவு உன்னுடையது. என் முகம் என்னுடையது. சம்மதப் பத்திரத்தைக் கிழிக்கவில்லை, வெறுமையாக இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். வாசிக்கத் தெரியாத காலத்தில் எத்தனையோ காகிதத்தில் சிலுவை போட்டேன், ஆண்டவர் மன்னிப்பார். பொய் என்று வாசித்துத் தெரிந்த பிறகு அதன் அடியில் சிலுவை போட்டால் மன்னிக்க மாட்டார்.

குளிர் இங்கே எலும்பில் ஏறுகிறது, நீ அங்கே பிள்ளைகளை வெயிலில் தொப்பியில்லாமல் விடாதே. நிலக்ஷனின் தொலைபேசி இலக்கத்தைக் கடித உறையின் உட்புறத்தில் எழுதியிருக்கிறேன், பின்னேரத்தில் எடுத்தால் முகாமில் அவனைக் கூப்பிட்டு விடுவார்கள், நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம் எடு. உனக்கும் சஞ்சயனுக்கும் குழந்தைகளுக்கும் மாதாவின் காவல் எப்போதும் இருக்கட்டும், கோபமாக எழுதினாலும் உன்னை நினைக்காமல் நான் ஒரு நாளும் செபமாலை முடித்ததில்லை. செனற்றருக்கு என் படம் கட்டாயம் வேண்டுமென்றால் அம்மாவையும் சேர்த்துப் போடச் சொல், அதற்குக் கீழே இந்தக் கடிதத்தை ஒரு சொல்லும் விடாமல் அச்சடிக்கச் சொல். அதற்கு மட்டும் சம்மதம், இதோ சிலுவை இல்லாமல் கையெழுத்து.

உன் அப்பா
சூசை மரியரட்ணம்