கதவுக்கு வெளியே பதிந்த பாட்டு

தங்கச்சி, இன்று காலை உன் பறி மழையில் நனைந்துவிட்டது. இறால் தடவிப் பிடிக்கும்போது நீ வாயில் கவ்வுகிற அதே ஓலைப் பறி, பிடித்ததைப் போடும் கூடை. ஊறிய ஓலையிலிருந்து ஏரிச் சேற்றின் வாடை வீடு முழுக்க அடித்தது. உள்ளே எடுத்து வைத்தேன், இனி யாரும் அதில் இறால் போடப் போவதில்லை என்று தெரிந்தும்.

இளம்பிள்ளை வாதம் தின்ற கால்கள் உனக்குக் கரையில் உதவியதில்லை. ஏரியில் உனக்குக் காலே வேண்டாம். முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவுவாய். பறியின் கயிறு பல்லில் இருப்பதால் பாட்டுக்கு வார்த்தை கிடையாது, தொண்டையும் மூக்கும்தான். நம் ஊர் தோணிரேவில் இறால் தடவும் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் முனகுவோம். எங்களுடையது கொசுச் சத்தம். உன்னுடையதுதான் பாட்டு.

சென்னையிலிருந்து ஏரிக்கு வந்த ஓர் இசையமைப்பாளர் அதைக் கேட்டுவிட்டு ஸ்டூடியோவுக்கு அழைத்தார். சக்கர நாற்காலியில்தான் வருவாய் என்று முன்பே சொல்லியிருந்தேன். "ரேம்ப் போட்டாச்சுக்கா, வாங்க" என்றார். போட்டிருந்தார்கள், பொய்யில்லை. சரிவில் சுகமாக ஏறினோம். பாடும் அறைக்கோ வெளிச்சத்தம் புகாதபடி ஒன்றையடுத்து ஒன்றாக இரண்டு கனத்த கதவுகள், இடையில் நாற்காலி திரும்ப இடமில்லை. தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள். "நான் இன்னா மூட்டையாடி?" என்று என்னைக் கேட்டாய், அவர்களை அல்ல.

கடைசியில் மைக்கை வரவேற்பறைக்கு இழுத்து வந்தார்கள். நீ மடியிலிருந்த பறியை எடுத்துக் கவ்வப் போனாய். "அது வேணாங்க, வாயத் தொறந்து பாடுங்க" என்று அவர் சிரித்தார்.

"வாயில பறி இல்லாம பாட்டு எங்கேந்து வரும்?" என்றாய். கவ்விக்கொண்டேதான் பாடினாய். ஏசி இரைச்சலும், தெரு ஹார்னும், யாரோ டீ கேட்டதும் உன்னைவிடத் தெளிவாகப் பதிந்தன. கதவை மாற்றிவிட்டுக் கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவைத்தார்கள்.

நீ அதை நம்பினாய். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். காய்ச்சலில் கிடந்தபோதுகூட, போன் அடித்தால் "ஸ்டூடியோவானு பாருடி" என்பாய். நீ போன பிறகு அங்கே போய்ப் பார்த்தேன். சரிவில் நீல நிறத்தில் சக்கர நாற்காலிப் படம் வரைந்திருக்கிறார்கள். கதவுகள் அப்படியே இருக்கின்றன. நம் ஊர் டச்சுக் கல்லறையில், எப்போதோ செத்தவர்களின் பெயரை இன்றும் படிக்க முடிகிறது. உனக்கு அதுகூட இல்லை.

அன்று பதிந்ததை என் போனுக்கு அனுப்பியிருந்தார்கள். நேற்று என் மகள் கேட்டுப் பார்த்தாள். "இதுல சின்னம்மா எங்க பாடுதும்மா?" என்றாள். ஹார்னுக்குப் பின்னால் என்றேன். காதோடு வைத்து மறுபடி கேட்டாள். "ஒண்ணும் இல்லம்மா" என்று திருப்பிக் கொடுத்தாள்.

எனக்குக் கேட்கிறது. உன்னை ஏரியில் கேட்டவள் என்பதால் கேட்கிறது. எனக்குப் பிறகு அதில் ஹார்ன் மட்டும்தான் இருக்கும்.