கார்த் திறப்பு

டோகா, 12.5.1985

அன்புள்ள தவமணிக்கு,

நயினை அம்மன் புண்ணியத்தில் நான் சுகம். நீரும் மாமியும் சுகம்தானே?

பயப்பட வேண்டாம், சின்ன விஷயம். போன கிழமை லொறியை ஊரில் ஓடுவதுபோல் இடப்பக்கம் விட்டுவிட்டேன். இங்கே வலப்பக்கம்தான். பொலிஸ்காரன் லைசென்ஸைப் பறித்துவிட்டான். திரும்ப ஓடிக் காட்டித்தான் எடுக்க வேண்டும்.

"என்ன யோசினையிலை ஓடினனீர்?" என்று கூட வேலை செய்யும் லியோன் அண்ணை கேட்டார். உமக்கு மட்டும் சொல்கிறேன்.

உமது கடிதத்தைத்தான் யோசித்தேன். நம் கார் பழுதாகாமல் இடைக்கிடை ஓடத்தான் பக்கத்து வீட்டுப் பரமலிங்கத்திடம் திறப்பைக் கொடுத்தேன். உம்மை முன் சீற்றில் இருத்தி மண்கும்பான் கடற்கரைக்குக் கொண்டுபோகவல்ல. "நல்ல காத்து" என்று வேறு எழுதியிருக்கிறீர்.

அலுமாரியில் என் ஊர் லைசென்ஸ் இருக்கிறது, இங்கே அதையும் காட்ட வேண்டும், அனுப்பும். உமது படம் ஒன்றும் வையும், தனியாக எடுத்தது.

லைசென்ஸ் இருந்த இடத்தில் பரமலிங்கத்திடம் கார்த் திறப்பை வாங்கி வைத்துப் பூட்டும். பற்றறி இறங்கினாலும் பரவாயில்லை.

உமது,
சிவபாதம்