தீர்த்தம் பட்ட முக்கோணம்

மே 6
ஆசிரியை கியாரா இன்றும் என் படத்தின் முன் நின்று உதட்டைப் பிதுக்கினாள். வெள்ளைப் பரப்பு, சரிந்த கறுப்புச் சதுரம், அதைக் குத்தும் சிவப்பு முக்கோணம். “சுத்தமாக இருக்கிறது. ஆனால் நீ எங்கே? உன் போர், உன் கடல், உன் கடவுள்கள்?”

நான் பிறந்தது இங்கே, இத்தாலியின் பலேர்மோவில். ஈழத்துப் போரை யூடியூபில்தான் பார்த்தேன். நூறு வருடத்துக்கு முன் ஐரோப்பியர் கதை சொல்லும் படங்களை எறிந்துவிட்டு வெறும் வடிவங்களை வரைந்தார்கள். அதைப் புதுமை என்று இவளே பாடம் எடுக்கிறாள். அவர்களுக்குச் சதுரம் சதுரமாகவே இருக்கலாம். எனக்கு மட்டும் அது அகதிக் கூடாரமாக இருக்க வேண்டுமாம்.

மே 9
ஆண்டுக் கண்காட்சிக்கு வகுப்பில் ஒருவர்தான். திங்கட்கிழமை தெரிவு. அந்த இடம் எனக்கு வேண்டும், இந்தப் படத்தோடு வேண்டும்.

மே 11
இன்றைக்குக் கொலை விழும். நான் எழும்ப முன்னரே அம்மா படத்தைத் தூக்கிக்கொண்டு தேவாலயத்துப் பூசைக்குப் போயிருக்கிறார். சோதனைக்கு முன் பேனையை ஆசீர்வதிப்பதுபோல இதையும் ஆசீர்வதிக்க! பாதர் தீர்த்தம் தெளித்திருக்கிறார். தண்ணீர்ச் சாயம் — சிவப்பு அடிவரை ஒழுகிவிட்டது.

“பாதர் நல்லா ஆசீர்வதிச்சவர் பிள்ளை. கொஞ்சம் கூடப் பட்டிட்டுது.”

“நாலு வீடு துடைக்கிற உங்களுக்குப் படம் எண்டா என்ன தெரியும்?” என்று கத்தினேன். அம்மா சோறு போட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

மே 12
புதிதாக வரைய நேரமில்லை. ஒழுகியதையே கொண்டுபோனேன். கியாராவின் கண் கலங்கிவிட்டது. “கடைசியில் படத்தில் அழுதுவிட்டாய்!”

தெரிவு நான்தான். எப்படி ஒழுகியது என்று கேட்டாள். சிரிக்கட்டும் என்று அம்மா, பாதர், தீர்த்தம் எல்லாம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அம்மாவின் தொலைபேசி எண்ணைக் கேட்டாள்.

மே 13
“ஓம், கனநேரம் கதைச்சவா. என்ன வேலை செய்யிறன் எண்டும் கேட்டவா,” என்கிறார் அம்மா. ஏன்?

மே 30
திறப்பு விழா. என் படம் நடுச்சுவரில். பக்கத்தில் பெரிய எழுத்தில் அம்மாவின் பெயர்: ‘செல்வமலர், வீட்டுப் பணியாளர். புனித நீர்.’ கீழே சின்னதாக: ‘பின்னணி வடிவங்கள்: மகள்.’

என் பெயர்கூட இல்லை. கியாராவைப் பிடித்துக் கேட்டேன்.

“சதுரம் வரைய ஆயிரம் பேர் இருக்கிறார்கள், கண்ணே,” என்று கன்னத்தில் முத்தமிட்டாள்.

அம்மா வேலை முடிந்து நேரே வந்திருந்தார். படம் பிடிப்பவர்கள் கேட்க, பையிலிருந்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் கையசைத்தார்.

“அகஸ்ரீனா, வா பிள்ளை, நீயும் பக்கத்திலை நில்லு. நீ ஆரெண்டு இவையளுக்கு நான் சொல்லுறன்.”

போய் நின்றேன்.