பிரித்துப் போட்ட முக்காலி

மலர்விழியின் அப்பாவுக்கு,

விழுப்புரத்திலிருந்து இருதயமேரி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நம் திண்டிவனம் தச்சுக்குழுவின் சார்பில், இங்குள்ள குழுவில் பத்து நாள் வேலை பழக வந்தேன் அல்லவா? முதல் நாளே எனக்கு நெஞ்சு திக்கென்று ஆகிவிட்டது. பயப்படாதீர்கள், உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் பெருமையாகக் கொண்டுவந்த முக்காலியை, இந்தக் குழுத் தலைவி அஸ்ஃபியா சுத்தியலால் தட்டிப் பிரித்துவிட்டாள்!

"இன்னாடி பண்ற? நான் செஞ்சதுடி!" என்று கத்தினேன்.

"யாரு எதைக் கொண்டாந்தாலும் பிரிச்சுத்தான்மா கத்துக்குவோம். அதோ எங்க நாற்காலி, நீங்க பிரிங்க."

என் முக்காலியில் ஒரு கால் குழிக்குள் பாதிதான் இறங்கியிருந்தது. மீதி இடத்தைப் பசையும் மரத்தூளும் வைத்து நான்தான் அடைத்திருந்தேன். எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேத்திக்குச் செய்துகொடுத்ததும் அதே மாதிரிதானே!

அவளை அதில் உட்கார விடாதீர்கள். போனில் சொல்ல வெட்கம், அதனால் எழுதுகிறேன்.

வறுத்த மல்லாட்டைக் கடலை கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். இவர்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு இங்கே தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

கடிதம் கொண்டுவருபவர் செருப்பு மாட்டிவிட்டார். ஞாயிறன்று இவர்கள் நம் வேலையைப் பார்க்க நம் தச்சுக் கொட்டகைக்கு வருகிறார்கள். பேத்தியின் முக்காலியை ஒளித்து வைக்காதீர்கள், நானே எல்லார் எதிரிலும் பிரிக்கிறேன்.

இருதயமேரி